ஆடிப்பெருக்கும் குழுச் சேமிப்பும்: ஒகேனக்கல் வட்டாரத்தில் மகளிர் குழுக்களின் விழாக்காலச் செயல்பாடுகள்

ஆய்வுச் சுருக்கம்

இந்தியாவில் மகளிர் தன்னுதவிக் குழுக்களின் தொடக்கக் களங்களுள் ஒன்று தருமபுரி மாவட்டம். 1989 முதல் இங்குத் தோன்றிய குழுக்கள் பெரும்பாலும் கடன், சேமிப்பு, வறுமை ஒழிப்பு ஆகிய நோக்கிலேயே ஆராயப்பட்டுள்ளன. அக்குழுக்களின் ஆண்டுச் சுழற்சியைத் தீர்மானிக்கும் விழாக்காலம் ஆய்வாளர் கவனத்தை மிகுதியும் பெறவில்லை. ஆடிப்பெருக்கு, தீபாவளி, பொங்கல் ஆகிய மூன்று விழாக்களை மையமாகக் கொண்டு, ஒகேனக்கல் வட்டாரத்தில் பெண்களின் கூட்டுச் செயல்பாடு எவ்வாறு உருமாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. விழாச் செலவு, பிறந்தகத்துச் சீர், பெண்மகவின் வாழ்வுரிமை ஆகிய மூன்றும் ஒரே கணக்கின் பகுதிகள் என்பது இதன் கருதுகோள்.

முன்னுரை

காவிரி தமிழகத்திற்குள் நுழையும் பிலிகுண்டுலுவை அடுத்து, பென்னாகரம் வட்டத்தில் அமைந்துள்ளது ஒகேனக்கல். பாறைகளில் மோதிச் சிதறும் நீர் புகையென எழுவதால் கன்னடத்தில் 'புகையும் கல்' எனப் பொருள்படும் பெயரை இவ்விடம் பெற்றது. அருவி, பரிசல், மீன் வறுவல் ஆகியவற்றால் இவ்வூர் சுற்றுலாத் தலமாக அறியப்படுகிறது. சுற்றுலா வருவோர் காணாத இன்னொரு ஒகேனக்கலும் உண்டு. தருமபுரி மாவட்டத்தின் மானாவாரிச் சிற்றூர்களிலிருந்து ஆடி பதினெட்டாம் நாளில் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேரும் நீர்த்துறை அது. தேசநாதேசுவரர் கோயிலையும் அங்குள்ள காவிரியம்மன் சந்நிதியையும் ஒட்டி நிகழும் அந்த ஒரு நாள் கூடலுக்காகப் பல குடும்பங்கள் பல திங்கள் முன்பே பணம் சேர்க்கத் தொடங்கிவிடுகின்றன. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற எளிய வினாவிலிருந்து இவ்வாய்வு தொடங்குகிறது.

புதுப்புனலும் பெண்களும்

ஆற்றில் புதுவெள்ளம் வரும்போது மகளிர் கூடி நீராடிக் கொண்டாடுவது தமிழ் இலக்கியத்திற்குப் புதிதன்று. பரிபாடலின் வையைப் பாடல்கள் புதுப்புனல் காணச் செல்லும் மகளிர் கூட்டத்தை விரிவாகக் காட்டுகின்றன. கழார்த் துறையில் நிகழ்ந்த நீர்விழாவில் ஆட்டனத்தியை வெள்ளம் கொண்டு சென்றதையும், ஆதிமந்தி அவனைத் தேடி அலைந்ததையும் பரணர் அகநானூற்றில் பதிவு செய்துள்ளார். இத்தகைய சான்றுகளை முன்வைத்து, இன்றைய ஆடிப்பெருக்கு சங்க கால நீர்விழாவின் நேரடித் தொடர்ச்சி என்று எழுதுவது நம் ஆய்வுலகில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. இடைப்பட்ட பல நூற்றாண்டுகளுக்கு உரிய சான்றுகளை அடுக்கிக் காட்டாமல் அத்தகைய நேர்கோட்டை வரைவது பொருந்தாது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. ஆற்று வெள்ளம், மகளிர் கூட்டம், இரண்டையும் சூழ்ந்த ஆபத்து ஆகிய மூன்றும் ஒரே நிகழ்வில் இணைவது தமிழ் மரபில் தொன்மையானது என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே முறை.

ஆடித் திங்கள் வேளாண் நோக்கில் விதைப்பின் திங்கள். தென்மேற்குப் பருவமழையால் குடகில் பெருகும் நீர் ஒகேனக்கலை அடைந்து, 1934இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையை நிரப்பும் காலமும் இதுவே. டெல்டா மாவட்டங்களுக்கு இந்நீர் பாசனம். தருமபுரியின் மேட்டுநிலங்களுக்கோ அது தாழ்ந்த பள்ளத்தாக்கில் ஓடி மறையும் நீர். கேழ்வரகும் சாமையும் நிலக்கடலையும் அவரையும் மழையை நம்பியே விதைக்கப்பட்டன. எனவே ஆடிப்பெருக்கு இவ்வட்டாரத்தில் விளைச்சல் விழாவாக இருக்கவில்லை. விதையும் உழவுக்கூலியும் கொடுத்துக் கை வறண்டிருக்கும் வேளையில் வரும் விழா இது. அடுத்து ஐப்பசியில் தீபாவளி வரும்போது பயிர் பெரும்பாலும் களத்திற்கு வந்திராது. தைப்பொங்கலில்தான் தவசம் வீட்டிற்குள் இருக்கும். செலவு முன்னும் வரவு பின்னுமாக அமைந்த இந்த ஐந்தரைத் திங்களே கடன் பெருகும் பருவம். வட்டிக்கு விடுவோர் இதனை நன்கறிவர்.

மாதர் சங்கத்திலிருந்து குழுவிற்கு

சிற்றூர்ப் பெண்கள் அமைப்பாகத் திரண்ட வரலாறு தன்னுதவிக் குழுவோடு தொடங்கவில்லை. சென்னை மாகாணத்தில் 1947இல் மகளிர் நலத்துறை தோற்றுவிக்கப்பட்டது. 1952 அக்டோபர் 2 அன்று நாடெங்கும் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு இணைந்து மாதர் சங்கங்கள் ஊர்தோறும் பரவின. தையல், சத்துணவுச் செயல்விளக்கம், குழந்தை வளர்ப்பு, பசனை, கோலாட்டம் ஆகியன இவற்றின் பணிகள். விழாக் காலத்தில் கோலப்போட்டி நடத்துவதும், வட்டார அலுவலர் வரும்போது குத்துவிளக்கேற்றி வரவேற்பதும் இச்சங்கங்களின் கண்ணுக்குத் தெரிந்த முகமாயின. சங்கத்தின் கன்வீனர் பெரும்பாலும் ஊரில் வசதி படைத்த குடும்பத்துப் பெண்ணாக இருந்தார். காட்டுக் கூலிக்குச் செல்லும் பெண்கள் பகற்பொழுதில் தையல் வகுப்பிற்கு வர இயலாது என்பதை அமைப்பாளர்கள் அறிந்திருந்தும், சங்கத்தின் நேரத்தை அவர்களுக்கேற்ப மாற்றிய முயற்சிகள் அரிதாகவே இருந்தன.

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் நிறுவப்பட்டது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989இல் அந்நிறுவனம் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தைத் தருமபுரி மாவட்டத்தில் முதன்முதலாகத் தொடங்கியது. பின்னர் சேலம், தென்னார்க்காடு, மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்கு அது விரிவடைந்தது. அன்றைய தருமபுரி மாவட்டம் இன்றைய கிருஷ்ணகிரியையும் உள்ளடக்கியது. 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த அம்மாவட்டம், 2004 பிப்ரவரியில் மீண்டும் இரண்டானது. தேசிய அளவில் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தை 1992இல் தொடங்குவதற்கு முன்பே தருமபுரிச் சிற்றூர்களில் குழுக்கள் அமையத் தொடங்கிவிட்டன என்பது இங்குக் கருதத்தக்கது. 1997-98இல் மாநில அரசு 'மகளிர் திட்டம்' என்னும் பெயரில் இதனைத் தமிழகம் முழுமைக்கும் கொண்டு சென்றது.

மாதர் சங்கத்திற்கும் குழுவிற்கும் இடையிலான வேறுபாடு அமைப்பு விதிகளிலேயே உள்ளது. 12 முதல் 20 பெண்கள், ஓர் ஊக்குநர், இரு பிரதிநிதிகள், வாரந்தோறும் அல்லது திங்கள்தோறும் கூட்டம், கட்டாயச் சேமிப்பு, அச்சேமிப்பிலிருந்தே உள்கடன், நடந்ததையெல்லாம் எழுதி வைக்கத் தீர்மான நோட்டு. கூட்டம் பெரும்பாலும் வேலை முடிந்து திரும்பிய பின்னர், தெருவிளக்கின் கீழோ கோயில் திண்ணையிலோ நடைபெற்றது. காட்டு வேலைக்குச் செல்லும் பெண் அரசுத் திட்டமொன்றில் முதன்மை உறுப்பினராக அமர முடிந்தது இவ்வாறுதான்.

சீரும் பெண்மகவும்

விழாக்காலத்தை வெறும் மகிழ்ச்சியின் காலமாகக் காண்போர்க்குப் புலப்படாத ஒன்று உண்டு. கொங்குப் பகுதியிலும் தருமபுரி வட்டாரத்திலும் ஒவ்வொரு பெருவிழாவும் மணமான மகளின் பிறந்தகத்தார்க்கு ஒரு கடமையை விதிக்கிறது. தலை ஆடிக்கு மகளையும் மருமகனையும் அழைத்து வந்து சீர் செய்ய வேண்டும். தலைத் தீபாவளிக்குத் துணியும் பொன்னும் தர வேண்டும். பொங்கலுக்குப் பானை, அரிசி, வெல்லம், கரும்பு எனச் சீர் வரிசை கொண்டு செல்ல வேண்டும். தந்தைக்குப் பின் இக்கடமை உடன்பிறந்தானுக்குரியது. பூப்பு, வளைகாப்பு, பேரப்பிள்ளையின் காதணி விழா எனப் பட்டியல் நீளும். திருமணத்தின்போது தரப்படும் வரதட்சிணையைப் பற்றி ஆய்வுகள் நிறைய எழுதியுள்ளன. ஆண்டுதோறும் விழாப் பெயரால் தொடரும் இந்தச் சிறு தவணைகள் அவ்வளவு கவனம் பெறவில்லை. ஓர் ஏழைக் குடும்பத்தின் கணக்கில் இவை சிறியன அல்ல.

இவ்வழக்கத்தின் நிழல் இம்மாவட்டத்தின் மிகத் துயரமான வரலாற்றில் விழுந்துள்ளது. சேலம், தருமபுரி, மதுரை வட்டாரங்களில் பெண் சிசுக்கொலை நிகழ்ந்தமை 1980களின் இடைப்பகுதியிலிருந்து பொதுவெளிக்கு வந்தது. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டு, 2001இல் தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கு நீட்டிக்கப்பட்டது. ஆறு வயதுக்குட்பட்டோரில் 1000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் எத்தனை பேர் என்ற கணக்கில், இன்றைய தருமபுரி மாவட்டத்தின் எல்லைக்குட்பட்ட பகுதி 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 826 எனப் பதிவானது. கணக்கெடுப்பின் ஓர் எண்ணுக்குள் எத்தனை வீடுகளின் இரவுகள் அடங்கியுள்ளன என்பதை ஆய்வு மொழியால் சொல்ல இயலாது. பெண் பிறப்பைச் 'செலவு' எனக் கண்ட மனநிலைக்கு வரதட்சிணை ஒன்று மட்டுமே காரணம் அன்று. ஆடி, ஐப்பசி, தை என ஆண்டில் மும்முறை திரும்பி வரும் சீரும் அதன் பகுதியே.

1990களின் இறுதியில் டென்மார்க்கின் டானிடா உதவியோடு நடைபெற்ற சுகாதாரத் திட்டத்தின் ஒரு பகுதியாகத் தருமபுரி மாவட்டத்தில் 'கலைப்பயணம்' என்னும் வீதிநாடக இயக்கம் நிகழ்ந்தது. சிற்றூர் இளைஞர்களும் பெண்களும் பயிற்சி பெற்று, பாட்டும் நாடகமுமாகப் பெண்மகவைக் காக்கும் செய்தியை ஊர்தோறும் கொண்டு சென்றனர். தெருக்கூத்து மரபு வலுவாக உள்ள வட்டாரம் இது. இரவில் கூத்து பார்க்கக் கூடும் கூட்டத்திற்கு வீதிநாடகம் அயலானதாகத் தோன்றியிராது. குழுக்கள் பரவியிருந்த ஊர்களிலே இவ்வியக்கத்தைக் காணக் கூடிய பெண்கள், அடுத்த நாள் சேமிப்புக் கூட்டத்திலும் கூடக்கூடிய பெண்களே. மேடையில் கேட்டதைப் பேசுவதற்கு அவர்களுக்கு ஓர் இடம் ஏற்கெனவே இருந்தது. சிசுக்கொலை குறைந்ததில் காவல் நடவடிக்கை, செவிலியர் கண்காணிப்பு, பரப்புரை ஆகியவற்றுள் எதன் பங்கு எவ்வளவு என அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. குழுவின் பங்கை மிகைப்படுத்துவதும் முறையன்று. பேசக்கூடாததாக இருந்த ஒன்றைப் பெண்கள் தமக்குள் பேசுவதற்குரிய வாரக் கூட்டமாக அது அமைந்தது என்பது போதுமான பங்கே.

விழாக்காலக் கணக்கு

குழுவின் விழாக்காலச் செயல்பாட்டில் முதன்மையானது கோலமோ கும்மியோ அன்று, உள்கடனே. 15 உறுப்பினர் வாரத்திற்கு 20 ரூபாய் வீதம் சேமித்தால் ஆண்டில் 15,600 ரூபாய் சேரும். ஆடிக்கு முன் ஓர் உறுப்பினர் 5,000 ரூபாயை நூற்றுக்குத் திங்களுக்கு இரண்டு வட்டிக்குக் குழுவில் பெறுவதாகக் கொள்வோம். தைப்பொங்கல் வரையிலான ஐந்து திங்களுக்கு வட்டி 500 ரூபாய். அதே தொகையைப் பத்து வட்டிக்கு வெளியில் வாங்கினால் 2,500 ரூபாய். இடைவெளி 2,000 ரூபாய். ஒரு வீட்டின் பொங்கல் துணிச்செலவு. அன்றியும், குழுவிற்குத் தந்த 500 ரூபாய் குழுவின் பொது நிதியிலேயே தங்குகிறது. ஆண்டிறுதியில் அதன் ஒரு பங்கு அவளுக்கும் உரியது. கந்துவட்டியை எதிர்த்த முழக்கங்களைவிட இந்த எளிய கணக்கே பெண்களைக் குழுவில் நிறுத்தியது எனலாம்.

விழாச் செலவிற்கான கடனை அலுவலர் உலகம் 'நுகர்வுக் கடன்' என வகைப்படுத்தியது. உற்பத்திக்கான கடனே சிறந்தது என்னும் எண்ணம் பயிற்சிகளில் வலியுறுத்தப்பட்டது. இதனால் கடன் நோக்கம் என்னும் பத்தியில் 'கறவை மாடு', 'விதை' என எழுதிவிட்டுச் சீர் செய்வதும், சீர் முடிந்த பின் மீதியில் ஆடு வாங்குவதும் இயல்பாயின. குழுக்களோடு பழகிய எவர்க்கும் இது தெரிந்ததே. ஆவணங்களை மட்டும் கொண்டு குழுக்களின் பொருளாதாரத்தை எழுதும் ஆய்வாளர் இங்கு விழிப்பாக இருத்தல் வேண்டும். பொய்யுரை எனப் பெண்களைக் குறை கூறுவதும் தகாது. தலை ஆடிக்கு மகளை அழைக்காத வீட்டில் அம்மகள் புகுந்த வீட்டில் படும் இழிவு, கறவை மாடு இல்லாமையைவிடக் கொடியது என்பதை அவர்கள் அறிவர். எது பயன்தரும் செலவு என்பதை முடிவு செய்யும் அதிகாரம் யாருக்கு என்ற வினா அந்தப் பத்தியில் ஒளிந்துள்ளது.

தீபாவளியை ஒட்டிய செயல்பாடு வேறு வகையினது. தீபாவளிச் சீட்டு தமிழகமெங்கும் பழகிய சேமிப்பு முறை. திங்கள்தோறும் சிறு தொகை கட்டி, விழாவின்போது எண்ணெய், மாவு, பருப்பு, பட்டாசு எனப் பொருளாகப் பெறுவது. தனியார் நடத்தும் சீட்டுகளில் பணத்தோடு மறைந்துவிடும் நிகழ்வுகள் ஆண்டுதோறும் செய்தியாகின்றன. குழு உறுப்பினர்கள் தமக்குள்ளேயே சீட்டு நடத்தி, மொத்த விலையில் பொருள் வாங்கிப் பங்கிடும்போது அந்த அச்சம் வெகுவாகக் குறைகிறது. கணக்கு நோட்டு பொதுவில் இருக்கிறது, பணம் வைத்திருப்பவர் வீடும் அதே தெருவில் இருக்கிறது.

பொங்கலில் கூட்டுத் தன்மை வெளிப்படையாகிறது. பல குழுக்கள் இணைந்த ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகள் பொதுவிடத்தில் சமத்துவப் பொங்கல் வைப்பதும், கோலப்போட்டி, இசை நாற்காலி, உறியடி ஆகியன நடத்துவதும் வழக்கமாகிவிட்டன. குடும்ப முற்றத்தில் குலத்தோடு வைத்த பொங்கலைப் பொதுத்திடலில் பல சாதிப் பெண்கள் சேர்ந்து வைப்பது சிறிய மாற்றமன்று. ஆயினும் ஒரு குழு பெரும்பாலும் ஒரே தெருவில் அமைவதாலும், தெரு சாதியால் அமைவதாலும், ஒரே குழுவிற்குள் பல சாதியினர் இருப்பது குறைவு. பொங்கல் பானை பொதுவாகும் நாளிலும் அடுப்புகள் குழுவாரியாகத்தான் மூட்டப்படுகின்றன.

ஆற்றங்கரையில் உழைப்போர்

ஒகேனக்கலில் ஆண்டுதோறும் மாவட்ட நிருவாகம் ஆடிப்பெருக்கு விழாவை அரசு விழாவாக நடத்துகிறது. அரசுத் துறைகளின் அரங்குகளும் கலைநிகழ்ச்சிகளும் இடம்பெறும். அவற்றுள் மகளிர் குழுவினரின் விற்பனையும் ஒன்று. கேழ்வரகு மாவு, சாமை, தினை உருண்டை, புளி, ஊறுகாய், கூடை ஆகிய வட்டாரப் பொருள்கள் விற்பனைக்கு வருகின்றன. ஏழை வீட்டு உணவெனக் கருதப்பட்ட சாமையும் கேழ்வரகும் இன்று நகரத்தார் தேடி வாங்கும் பண்டங்களாக மாறியிருப்பது இவ்விற்பனைக்குத் துணை செய்கிறது.

விழாவில் மகிழ வருவோரைப் போலவே, விழாவால் வாழ்வோரும் உளர். வருவோர் வாங்கித் தரும் மீனைக் கழுவி, மசாலா அரைத்து, ஆற்றங்கரையிலேயே சமைத்துக் கொடுக்கும் பெண்கள் ஒகேனக்கலின் அடையாளங்களுள் ஒருவர். அவர்களுக்கு ஆடி பதினெட்டு ஓய்வு நாளன்று. ஆண்டின் மிகக் கடினமான உழைப்பு நாள். காதோலை கருகமணியும் மஞ்சள் கயிறும் வைத்துக் காவிரியை வணங்கும் பெண்ணும், சற்றுத் தொலைவில் அடுப்புப் புகையில் நிற்கும் பெண்ணும் ஒரே வட்டத்துச் சிற்றூர்களைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம். முன்னவர் விழாவிற்காகக் கடன் பெற்றவர். பின்னவர் விழாவில் ஈட்டிக் கடனை அடைப்பவர்.

வெள்ளம் மிகும் ஆண்டுகளில் இக்கணக்கு குலைகிறது. 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் நீர்வரத்து மிகுந்து குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை விதிக்கப்பட்டது. 2020இலும் 2021இலும் பெருந்தொற்றால் கூடுகை தடைபட்டது. உயிர்காக்கும் இத்தடைகள் தேவையானவை. ஆட்டனத்தியின் கதையை அறிந்தோர்க்கு விளக்க வேண்டியதில்லை. ஆற்றில் புனல் பெருகும்போது கரையில் வருவாய் வற்றுகிறது. குழுத் தவணை நிற்கிறது. ஒருவர் தவணை தவறினால் மற்றவர் ஈடு செய்ய வேண்டும் என்னும் கூட்டுப் பொறுப்பு அப்போதுதான் உண்மையில் சோதிக்கப்படுகிறது.

நீர் பற்றிய முரண் ஒன்றும் உண்டு. இதே மாவட்டத்துச் சிற்றூர்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து, பற்களும் எலும்புகளும் பாதிக்கப்பட்ட தலைமுறைகள் வாழ்ந்தன. ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் நிதியுதவியோடு நிறைவேறிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 மே 29 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. ஆடி பதினெட்டில் செம்பில் தீர்த்தமாக வீட்டிற்குச் சென்ற காவிரி, அதன் பின்னரே குழாயில் குடிநீராக அவ்வீடுகளை நோக்கிச் சென்றது.

மீண்டும் வாரத் தவணை

அண்மைக் காலத்தில் 'குழு' என்னும் சொல்லின் பொருள் சிற்றூர்களில் மாறி வருகிறது. 'எந்தக் குழு?' என்று கேட்டால் அரசுக் குழுவா, தனியார் நுண்கடன் நிறுவனத்தின் குழுவா எனத் தெளிவுபடுத்த வேண்டியுள்ளது. பின்னையது சேமிப்பில் தொடங்குவதில்லை; கடனில் தொடங்குகிறது. தீர்மான நோட்டு இல்லை. வசூல் அட்டை உண்டு. விழாவிற்கு முன் எளிதில் கிடைக்கும் இக்கடன், விழா முடிந்த வாரத்திலேயே தவணையைக் கேட்டு வாசலில் நிற்கிறது. ஒரு பெண் மூன்று, நான்கு நிறுவனங்களில் கடன் பெற்று, ஒன்றின் தவணையை மற்றொன்றால் அடைக்கும் நிலையும் காணப்படுகிறது. 2003இல் தமிழகம் கந்துவட்டிக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. கடன் வழங்கும் நிறுவனங்கள் வலுக்கட்டாயமாக வசூலிப்பதைத் தடுக்கும் சட்டமுன்வடிவு 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. இரு சட்டங்களுக்கும் இடையிலான 22 ஆண்டுகளில் வட்டிக்கு விடுவோர் தனிமனிதரிலிருந்து நிறுவனமாக மாறியுள்ளனர். கூட்டுப் பொறுப்பு என்னும் குழுவின் அறம், தவணை தவறிய பெண்ணின் வீட்டின் முன் மற்ற பெண்களை உட்கார வைக்கும் கருவியாக மாற்றப்பட்டுள்ளது. ஆடியில் சேர்ந்து கும்மியடித்தவர்களே புரட்டாசியில் ஒருவர் வாசலில் மற்றவர் வசூலுக்கு நிற்க நேர்வது, இவ்வரலாற்றில் 1989க்குப் பின் நிகழ்ந்த மிகப் பெரிய திருப்பம் எனலாம்.

தீர்மான நோட்டு என்னும் வரலாற்று மூலம்

சிற்றூர்ப் பெண்கள் தம் கூட்டு வாழ்வைத் தம் கையாலேயே தொடர்ந்து எழுதி வைத்த ஆவணத் தொகுதிகள் தமிழக வரலாற்றில் மிகச் சில. தீர்மான நோட்டு அவற்றுள் ஒன்று. வருகைப் பதிவில் கையெழுத்து பழகாத பெண்ணின் பெருவிரல் ரேகை சில ஆண்டுகளில் தடுமாறும் கையெழுத்தாக மாறுவதை அதில் காணலாம். ஆடி, ஐப்பசித் திங்களில் கடன் பதிவுகள் நெருங்கி வருவதையும், கூட்டம் நடவாத வாரங்களையும், ஒரு பெயர் திடீரென நின்றுபோவதையும் வரிசைப்படுத்தினால், அலுவல் அறிக்கைகள் தராத வரலாறு ஒன்று கிடைக்கும். கடன் நோக்கப் பத்தியை மட்டும் மேலே கூறிய எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். கடன் பெற்ற நாளைச் சீர் நாட்காட்டியோடு ஒப்பிட்டால் உண்மை நோக்கம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இந்நோட்டுகள் ஆவணக் காப்பகங்களின் சேகரிப்பு எல்லைக்குள் பொதுவாக வருவதில்லை. தணிக்கை முடிந்து புதிய நோட்டு தொடங்கியதும் பழையது ஊக்குநர் வீட்டுப் பரணுக்குச் செல்கிறது. ஊக்குநர் மாறினால், வீடு இடிந்தால், மகள் மணமாகிச் சென்றால் அதுவும் போகிறது. போகியன்று பழையன கழிக்கும் வீடுகளில் அது தீயிலும் இடப்படலாம். தருமபுரி, பென்னாகரம் வட்டாரக் கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறைகள் தம் மாணவியரைக் கொண்டு, அவர்தம் தாய்மார், பாட்டிமார் குழுக்களின் 1990களின் நோட்டுகளை உரிய ஒப்புதலோடும் பெயர் மறைப்போடும் எண்மப்படுத்தத் தொடங்கலாம். அதற்குப் பெரும் நிதி தேவையில்லை. ஒரு கைப்பேசியும், அடுத்த போகிக்கு முந்தைய சில வாரங்களும் போதும்.